ஆம்பளைங்க இடுப்புக்குள்ள வர்ற கட்டி: கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி சரியா படம் எடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர்ல கர்ப்பப்பை கட்டி, மார்பக புற்றுநோய் பத்தியெல்லாம் அடிக்கடி போடுறீங்க, ரொம்ப நல்ல விஷயம், எங்க வீட்டு பொம்பளைங்க அதையெல்லாம் வெட்டி எடுத்து வச்சிருக்காங்க. ஆனா ஆம்பளைக்கும் இடுப்புக்குள்ள கட்டி வரும், அது கேன்சர் இல்லாத கட்டியா இருந்தா கூட ஒரு மனுஷன வருஷக்கணக்கா படுத்தி எடுத்திரும்ங்கிறத பத்தி ஒரு வரி கூட நான் எங்கயும் படிச்சதில்ல. அதான் இந்த லெட்டர். நீளமா இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க ஐயா.

நான் டாக்டர் இல்ல. சதை பரிசோதனை பண்ற லேப்ல டெக்னீஷியனா ரொம்ப வருஷம் வேல பாத்து ரிட்டயர்டு ஆனவன், குமரி மாவட்டத்துல மேக்கு பக்கம் ரப்பர் தோட்டம் சூழ்ந்த ஊரு. எத்தனையோ கட்டிய பாட்டில்ல இருந்து எடுத்து அறுத்து மெழுகுல பதிச்சு சிலைடு போட்டிருக்கேன். அதுல ஆம்பளைங்க இடுப்புக்குழியில இருந்து வந்த கேன்சர் இல்லாத கட்டி ரொம்ப கம்மி, ஆனா வந்த ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு நீண்ட அலைச்சல் இருந்துச்சு. எங்க அண்ணனுக்கே வந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் பாத்தவன்ங்கிற முறையில எழுதுறேன்.

இடுப்பெலும்புக்குள்ள இடம் ரொம்ப குறைவு. முன்னால மூத்திரப்பை, அதுக்கு கீழ ப்ராஸ்டேட், பின்னால விந்துப்பை, அதுக்கும் பின்னால மலக்குடல், கடைசியா வால் எலும்பும் (முதுகெலும்போட அடியில இருக்கிற சேக்ரத்தையும் சேத்து தான் நான் வால் எலும்புன்னு சொல்றேன்) அதுல இருந்து வர்ற நரம்புகளும். சுத்தி எலும்பு. அதனால அங்க ஒரு கட்டி வளந்தா வயித்துல வீக்கமா வெளிய தெரியாது, பக்கத்துல இருக்கிற உறுப்ப நெருக்கும், அந்த உறுப்புக்கு தான் ஏதோ கோளாறுன்னு ஆளும் நினைப்பான் பாக்குறவங்களும் நினைப்பாங்க. மூத்திரப்பைய நெருக்குனா ஒண்ணுக்கு சரியா வராது, ராத்திரி அடிக்கடி எழும்பணும், அப்ப ப்ராஸ்டேட்டுன்னு மாத்திரை. மலக்குடல நெருக்குனா மலச்சிக்கல், வெளிக்கு போனாலும் முழுசா போகாத மாதிரி, அப்ப மூலம்னு களிம்பு. நரம்ப நெருக்குனா தொடையில இருந்து கால் வரைக்கும் இழுத்து வலிக்கும், அப்ப டிஸ்க்குன்னு பெல்ட். ரத்தக்குழாய நெருக்குனா ஒரு கால் மட்டும் வீங்கும். கிட்னியில இருந்து வர்ற குழாய நெருக்குனா வலி கூட இல்லாம கிட்னி வீங்கி கெட்டுப் போகும், இது தான் எல்லாத்துலயும் மோசம்.

எங்க அண்ணன் ரப்பர் பால் வெட்டுறவரு. இருட்டோட எழும்பி நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் குனிஞ்சு நிமிர்ந்து வெட்டுற வேலை. அவருக்கு நடு முதுகுக்கு கீழ வலின்னா யாரு தான் வேற எதையாவது நினைப்பா, வேலையால வந்ததுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. முதல்ல ஒரு வர்ம ஆசான்கிட்ட போயி எண்ணெய் போட்டு தடவுனாரு. நம்ம ஜில்லாவுல வர்ம ஆசான்மாருக்கு உள்ள பேரும் கைப்பக்குவமும் எனக்கு தெரியும், அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, சுளுக்குக்கும் அடிபட்டதுக்கும் நானே போயிருக்கேன், ஆனா உள்ள கட்டி இருந்தா தடவல் ஒண்ணும் செய்யாது. அப்புறம் மருந்து கடையில வலி மாத்திரை, அது மாசக்கணக்குல. அப்புறம் மூலத்துக்கு மருந்து. அப்புறம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில முதுகெலும்பு எம்.ஆர்.ஐ எடுத்து டிஸ்க் லேசா தள்ளியிருக்குன்னு சொல்லி பெல்ட்டும் ஊசியும்.

இந்த எம்.ஆர்.ஐ விஷயத்த கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இதுல தான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. முதுகுவலிக்கு எடுக்கிற எம்.ஆர்.ஐ பெரும்பாலும் இடுப்பு முதுகெலும்புக்கு மட்டும் தான் குறி வச்சு எடுக்கிறது, வால் எலும்போட மேல் பகுதி வரைக்கும் வந்து நின்னுடும். அதுக்கு கீழயும் முன்னாலயும் இருக்கிற இடுப்புக்குழி அந்த படத்துல சரியா விழாது. அத பாக்கணும்னா பெல்விஸ் எம்.ஆர்.ஐன்னு தனியா எழுதி எடுக்கணும். "ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றவங்ககிட்ட எந்த பகுதிக்கு எடுத்தீங்கன்னு கேளுங்க, ரிப்போர்ட்டோட முதல் வரியிலயே எழுதியிருக்கும். நாப்பது வயசு ஆளுக்கு டிஸ்க் லேசா தள்ளியிருக்கிறது சகஜம், வலியே இல்லாத ஆளுக்கு எடுத்தாலும் அப்படி வரும், அது கண்ணுக்கு தெரிஞ்ச உடனே தேடுறத நிறுத்திட கூடாது.

அண்ணன் டீக்கடை பெஞ்சுல கூட ஒரு பக்கமா சாஞ்சு தான் இருப்பாரு, ஒரு குண்டிய தூக்கி வச்சுக்கிட்டு. பைக் ஓட்டுறத விட்டுட்டாரு. கேட்டா "சூடு, அதான்"னு ஒரே பதில். ஒண்ணுக்கு போறதுக்கு கஷ்டப்படுறத என்கிட்ட கூட சொல்லல, மதினி சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. நம்ம ஆம்பளைங்க இடுப்புக்கு கீழ உள்ள எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, டாக்டர்கிட்ட கூட வலி முதுகுலன்னு தான் சொல்லுவாங்க, உக்காந்தா தான் கூடுது, வெளிக்கு போகும்போது கூடுதுன்னு சொல்ல மாட்டாங்க. அந்த ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாதி அலைச்சல் மிச்சம்.

கடைசியில கண்டுபிடிச்சது வயசுல சின்ன ஒரு டாக்டர். மூலம்னு சொல்லி போன இடத்துல, படுக்க வச்சு கையுறை போட்டு ஆசனவாய்க்குள்ள விரல் விட்டு பாத்திருக்காரு. மலக்குடலுக்கு பின்னால வால் எலும்ப ஒட்டி உருண்டையா வழவழன்னு ஏதோ தட்டுப்பட்டிருக்கு, அழுத்துனா கால் வரைக்கும் மின்னல் மாதிரி வலி இறங்கியிருக்கு. ஒரு நிமிஷ வேலை, செலவு ஒரு கையுறை. அத்தனை நாள் அத்தனை பேரு பாத்தாங்க, ஒருத்தரும் அத செய்யல, அண்ணனும் வேண்டாம்னு தான் சொல்லியிருப்பாரு அது வேற விஷயம். மலக்குடலுக்கு பின்னால வர்ற கட்டிகள்ல பெரும்பாலானத விரலாலயே கண்டுபிடிச்சிடலாம்னு சர்ஜரி புத்தகங்கள்ல பல காலமா எழுதி வச்சிருக்காங்க. அதனால உங்க பேப்பர படிக்கிற ஆம்பளைங்ககிட்ட நான் கையெடுத்து கும்பிட்டு கேக்கிறது, டாக்டர் விரல் விட்டு பாக்கணும்னு சொன்னா வெக்கப்பட்டு எழும்பி வந்துடாதீங்க. அவரு சொல்லலன்னா நீங்களே கேளுங்க.

இனி இந்த கட்டிகள் என்னென்னன்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன். அண்ணனுக்கு வந்தது ஸ்வானோமா, நரம்ப சுத்தி இருக்கிற உறையில இருந்து வளர்றது. ரொம்ப பைய வளரும், கேன்சரா மாறுறது மிக அபூர்வம். உடம்புல தலை, கழுத்து, கை கால்ல தான் இது அதிகம், இடுப்புக்குழியில வர்றது சின்ன பங்கு. பல வருஷம் கிடந்த ஸ்வானோமாவுக்குள்ள தண்ணி கோர்த்து சுண்ணாம்பு படிஞ்சு ஸ்கேன்ல பாக்குறதுக்கு பயங்கரமா இருக்கும், கேன்சர்னே சந்தேகப்பட வைக்கும், ஆனா இருக்காது.

இன்னொண்ணு அக்ரெசிவ் ஆங்கியோமிக்ஸோமா. 1983ல ஸ்டீப்பர், ரோசாய்ங்கிற ரெண்டு பேரு தான் இத முதல்ல தனி வகையா எழுதுனாங்க. பெரும்பாலும் பொம்பளைங்களுக்கு வர்றது, ஆம்பளைங்களுக்கும் எப்பவாவது வரும், அப்ப தொடை இடுக்குலயோ விதைப்பை பக்கமோ வீக்கமா தெரியும், குடலிறக்கம்னோ ஓதம்னோ நினைச்சு ஆபரேஷனுக்கு போட்டு திறந்து பாத்தா உள்ள கொழகொழன்னு வேற ஒண்ணு இருக்கும், அது மேல இடுப்புக்குழிக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அப்ப தெரியாது, கைக்கு வந்தத எடுத்துட்டு தைச்சிடுவாங்க. இது வேற இடத்துக்கு பரவுறது மிக மிக அபூர்வம், ஆனா மிச்சம் வச்சா அதே இடத்துல திரும்ப வரும், பல வருஷம் கழிச்சு கூட வரும். முன்னாடியே எம்.ஆர்.ஐ எடுத்திருந்தா கோடு கோடா சுழி சுழியா ஒரு தோற்றம் தெரியும், அனுபவம் உள்ள ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படம் படிக்கிற டாக்டர், அத பாத்தே சந்தேகப்படுவாரு.

சாலிடரி ஃபைப்ரஸ் ட்யூமர்னு ஒண்ணு இருக்கு, ரத்த ஓட்டம் நெறைய உள்ளது. பெரும்பாலும் சாதுவா தான் இருக்கும், சிலது மட்டும் பின்னால திரும்ப வர்றதும் பரவுறதும் உண்டு, அதனால எடுத்த பிறகும் விடாம பாக்கணும். இதுல ஒரு அதிசயம், பெரிய கட்டியா இருந்தா சிலருக்கு ரத்தத்துல சர்க்கரை திடீர்னு இறங்கி மயங்கி விழுவாங்க, கட்டியே இன்சுலின் மாதிரி ஒரு பொருள சுரக்குறதால. சர்க்கரை நோயே இல்லாத ஆளு சர்க்கரை இறங்கி விழுந்தா காரணத்த தேடணும். 2013ல இந்த கட்டிக்குன்னு உள்ள ஜீன் மாற்றத்த கண்டுபிடிச்சாங்க, அதுக்கு அப்புறம் ஸ்டாட்6ங்கிற சாயம் போட்டு பாத்து இத உறுதி பண்றது சுலபமாயிடுச்சு.

ப்ராஸ்டேட்ல இருந்து நீர்ப்பை நீர்ப்பையா பெரிசா வளர்ற சிஸ்ட்அடினோமா, மூத்திரப்பை சுவர்ல தசைக்கட்டி, பிறவியிலயே வால் எலும்புக்கு முன்னால தங்கிப்போன டெர்மாய்டு, எபிடெர்மாய்டு நீர்க்கட்டி, இதெல்லாமும் உண்டு. கட்டின்னு சொல்ல முடியாட்டாலும் ஸ்கேன்ல கட்டி மாதிரியே தெரியிற இன்னொண்ணு ஜின்னர் சிண்ட்ரோம், 1914ல எழுதுனது, பிறக்கும்போதே ஒரு பக்கம் கிட்னி இருக்காது, அதே பக்கம் விந்துப்பையில நீர்க்கட்டி இருக்கும். கல்யாணம் ஆன பிறகு விந்து வரும்போது வலி, குழந்தை இல்லன்னு போகும்போது தான் தெரிய வரும். வயித்து ஸ்கேன்ல "ஒரு கிட்னி இல்ல, மத்தது நார்மல்"னு எழுதி கொடுத்தா அந்த வாலிபனுக்கு இடுப்புக்குழியையும் ஒருக்க பாத்திடுறது நல்லது.

இவ்வளவு வகை இருக்குறதால தான் சொல்றேன், கட்டின்னு தெரிஞ்ச உடனே ஊசி போடுறதும் கத்தி வைக்கிறதும் கூடாது, முதல்ல படம். இடுப்புக்குழிக்கு எம்.ஆர்.ஐ தான் நல்லா தெளிவா காட்டும், எந்த நரம்ப ஒட்டியிருக்கு, மலக்குடல் சுவரு சேந்திருக்கா, எலும்ப அரிச்சிருக்கா எல்லாம் தெரியும். சி.டி ஸ்கேன் எலும்புக்கும் கிட்னி குழாய்க்கும் உதவும். மருந்து ஏத்தி எடுக்கிறதா இருந்தா அதுக்கு முன்னாடி கிட்னி நல்லா இருக்கான்னு தெரிய கிரியாட்டினின்ங்கிற ரத்த டெஸ்ட் பாப்பாங்க, மாசக்கணக்கா வலி மாத்திரை தின்னவங்க அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். ப்ராஸ்டேட் சந்தேகம்னா பி.எஸ்.ஏ ரத்த டெஸ்ட், ஒண்ணுக்கு போன பிறகு மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு ஒரு ஸ்கேன்.

அடுத்து பயாப்ஸி, அதாவது கட்டியில இருந்து கொஞ்சம் சதை எடுத்து சோதிக்கிறது. இங்க ரொம்ப கவனம் வேணும். மலக்குடலுக்கு பின்னால இருக்கிற கட்டிய மலக்குடல் வழியாவே ஊசி விட்டு எடுக்கிறது தப்பு, நீர்க்கட்டியா இருந்தா கிருமி உள்ள போயி சீழ் பிடிச்சிடும், அப்புறம் ஆபரேஷனே சிக்கலாயிடும். அதவிட ஆபத்து, வால் எலும்புல ஒரு ஓட்டை வழியா முதுகுத்தண்டு உறை முன்னால பிதுங்கி பை மாதிரி நிக்கிறது உண்டு, அதுக்குள்ள மூளையோட தொடர்புள்ள தண்ணி, அத கட்டின்னு நினைச்சு மலக்குடல் வழியா குத்துனா மூளைக்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்து. எம்.ஆர்.ஐ பாத்தா இது தெரிஞ்சிடும். அதனால தான் படத்துக்கு முன்னாடி ஊசி கூடாதுன்னு அடிச்சு சொல்றேன். பயாப்ஸி தேவையா இல்லையான்னு ஆபரேஷன் பண்ண போற டாக்டர் தான் முடிவு பண்ணணும், எடுத்தாலும் ஸ்கேன்ல பாத்துக்கிட்டே, பின்னால கட்டிய எடுக்கும்போது அந்த ஊசி போன பாதையும் சேந்து வர்ற மாதிரி எடுக்கணும்.

ஆபரேஷன பொறுத்தவரைக்கும் முதல் ஆபரேஷன் தான் நல்ல வாய்ப்பு. முழுசா உறையோட எடுத்துட்டா பெரும்பாலான கட்டிக்கு அதோட முடிஞ்சுது. பாதி எடுத்து விட்டா அடுத்த தடவ எல்லாம் ஒட்டிப்போயி எது நரம்பு எது தழும்புன்னே பிரிக்க முடியாது. கட்டி வால் எலும்போட மூணாவது கட்டைக்கு கீழ மட்டும் இருந்தா பின்பக்கமா போவாங்க, 1885ல கிராஸ்கேங்கிற ஜெர்மன் டாக்டர் காட்டுன வழி அது. அதுக்கு மேல போயிருந்தா வயித்து வழியா, ரொம்ப பெரிசுன்னா ரெண்டு பக்கமும். இப்ப லேப்ராஸ்கோப்லயும் ரோபோ வச்சும் எடுக்கிறாங்க. ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டிக்கு முந்தின நாளே ரத்தக்குழாய அடைச்சு விட்டு ஆபரேஷன் பண்றதும் உண்டு. கிட்னி குழாய் நெருங்கியிருந்தா முன்னாடியே அதுக்குள்ள ஸ்டென்ட்ங்கிற சின்ன டியூப் வச்சிடுவாங்க.

வால் எலும்புல இருந்து வர்ற ரெண்டு, மூணு, நாலாவது நரம்புகள் தான் ஒண்ணுக்கு, வெளிக்கு, ஆம்பளத்தனம் மூணையும் பாத்துக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் இத வெளிப்படையா சொல்லணும், ஆளும் கேக்கணும். பொண்டாட்டிய வெளிய நிறுத்திட்டு பேசாதீங்க, அவங்களும் கேக்கட்டும். இன்னும் குழந்தை வேணும்னு இருக்கிற வாலிபனா இருந்தா முன்னாடியே விந்து சேமிச்சு வைக்கிறத பத்தி கேக்கலாம், ஏன்னா நரம்பு அடிபட்டா விந்து வெளிய வராம மூத்திரப்பைக்குள்ள போயிடும். அண்ணனுக்கு ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் டியூப் வழியா தான் ஒண்ணுக்கு, அது சரியாயிடுச்சு, பாதத்துல ஒரு பக்கம் மட்டும் இன்னும் உணர்ச்சி கம்மி, செருப்பு கழண்டா தெரியாது. மறுபடியும் பால் வெட்ட போறாரு. பெஞ்சுல நேரா இருக்காரு.

எல்லா கட்டிக்கும் ஆபரேஷன் வேணும்னு இல்ல, அதையும் சொல்லணும். வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது சின்னதா தெரியுது, எந்த தொந்தரவும் இல்ல, படத்துல சாது தான்னு தெளிவா இருக்குன்னா சிலத ஆறு மாசம், ஒரு வருஷம்னு எம்.ஆர்.ஐ எடுத்து பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா "கேன்சர் இல்ல, விடு"ன்னு ஃபைல பெட்டிக்குள்ள போட்டுட்டு மறந்துடுறது பாத்துக்கிட்டே இருக்கிறதுல சேராது.

இனி என் தொழில் விஷயம், இத யாரும் பேசுறதில்ல. ஆபரேஷன்ல எடுத்த கட்டிய சின்ன ஆஸ்பத்திரிகள்ல சொந்தக்காரங்க கையில பாட்டில்ல போட்டு கொடுத்து லேப்ல கொண்டு குடுங்கன்னு சொல்லுவாங்க. நான் பாத்திருக்கேன், பிளாஸ்டிக் கவர்ல சலைன் ஊத்தி, சில நேரம் வெறும் தண்ணியில, வெயில்ல பஸ் மாறி மாறி வந்து சேரும். ஒருத்தரு ஐஸ் பெட்டியில மீன் கொண்டு வர்ற மாதிரி கொண்டு வந்தாரு, பாவம் அவருக்கு யாரும் சொல்லல. வந்து சேரும்போது உள்ள அழுக ஆரம்பிச்சிருக்கும், அப்புறம் எந்த சாயம் போட்டாலும் பிடிக்காது, இது என்ன கட்டின்னு எந்த பெரிய டாக்டராலயும் சொல்ல முடியாது. கட்டியோட அளவுக்கு பத்து மடங்கு பத்து சதவீத ஃபார்மலின் ஊத்தணும், பெரிய கட்டின்னா நடுவுல மருந்து இறங்குறதுக்கு டாக்டரே கீறி விட்டு அனுப்பணும், வாய் குறுகலான பாட்டில்ல திணிக்க கூடாது, பேரும் எந்த இடத்துல எடுத்ததுங்கிறதும் ஒட்டியிருக்கணும், ஸ்கேன் ரிப்போர்ட் காப்பியும் கூட வரணும். பாட்டில கையில வாங்கும்போது இதுல ஃபார்மலின் தானான்னு ஒரு வார்த்த கேளுங்க.

இந்த அபூர்வ கட்டிகள சாதாரண சாயத்துல பாத்து மட்டும் முடிவு சொல்றது கஷ்டம். ஐ.எச்.சின்னு, கட்டியில எந்த புரதம் இருக்குன்னு சாயத்தால காட்டுற தனி டெஸ்ட் உண்டு, ஸ்வானோமான்னா எஸ்100 பிடிக்கும், சாலிடரி ஃபைப்ரஸ் ட்யூமர்னா ஸ்டாட்6 பிடிக்கும், தசைக்கட்டின்னா டெஸ்மின். அது இல்லாம "ஸ்பிண்டில் செல் கட்டி"ன்னு மட்டும், அதாவது நீளமான செல் உள்ள ஏதோ ஒரு கட்டின்னு மட்டும், ரிப்போர்ட் வந்தா வேலை முடியலன்னு அர்த்தம், அடுத்த டெஸ்ட் கேளுங்க. லேப்ல உங்க சதைய மெழுகு பிளாக்கா வச்சிருப்பாங்க, அதையும் சிலைடையும் கேட்டு வாங்கி வேற ஊர்ல பெரிய பேத்தாலஜிஸ்ட்கிட்ட (சதை பரிசோதனை டாக்டர்கிட்ட) காட்டலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு, அதுக்காக மறுபடியும் உடம்ப கீற வேண்டியதில்ல.

கடற்கரை பக்கத்துல இருந்து வந்த ஒருத்தரு இது மணவாளக்குறிச்சி மண்ணால வந்ததான்னு கேட்டு கேட்டு அழுதாரு. அந்த மணல்ல மோனசைட்டும் தோரியமும் இருக்கு, இயற்கை கதிர்வீச்சு மத்த இடத்த விட அதிகம், அதெல்லாம் உண்மை, அது தனியா ஆராய்ச்சி நடக்கிற விஷயம். ஆனா ஒரு தனி மனுஷனோட நரம்புக்கட்டிக்கு இது தான் காரணம்னு கை நீட்ட முடியாது, இந்த வகை கட்டிகள் உலகம் முழுக்க எல்லா மண்ணுலயும் வருது. இது அவரு தின்னதால வந்ததும் இல்ல, கெட்ட பழக்கத்தால வந்ததும் இல்ல, தொத்துறதும் இல்ல. பொண்ணு கேட்டு வர்றவங்க இத பெரிசாக்குறதயும் நிறுத்தணும்.

என்னோட மனசுல உள்ள பெரிய ஆதங்கம் வேற. இந்த கட்டி எந்த டிபார்ட்மென்டுக்கும் சொந்தம் இல்ல. யூராலஜிக்கு போனா இது மலக்குடல் பக்கம் சர்ஜரிக்கு போங்கன்னு சொல்றாங்க, சர்ஜரியில நரம்ப ஒட்டியிருக்கு நியூரோவுக்கு போங்க, நியூரோவுல இது இடுப்புக்குள்ள எங்க ஏரியா இல்ல, கேன்சர் ஆஸ்பத்திரிக்கு போனா கேன்சர் இல்லாததுக்கு இங்க ஏன் வந்தீங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஓ.பி சீட்டு, ஒவ்வொரு இடத்துலயும் பழைய படம் போதாது புதுசு எடு. களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கும் திரும்ப நாகர்கோவிலுக்கும்னு அன்னன்னைக்கு கூலிய விட்டுட்டு அலையிறவன் நடுவுல விட்டுருவான், விட்டவங்கள எனக்கு தெரியும். கேன்சருக்கு எல்லா டாக்டரும் ஒரே மேசையில இருந்து முடிவு எடுக்கிற ட்யூமர் போர்டு இருக்கு. இந்த மாதிரி கட்டிக்கும் அது வேணும்.

1838லயே நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி வந்த ஜில்லா நம்மளுது, 1922ல எவரெஸ்ட் ஏற வந்த சாமர்வெல் டாக்டர் நம்ம ஜனங்க படுற கஷ்டத்த பாத்துட்டு இங்கயே வந்து கத்தி பிடிச்ச ஊரு. இப்ப ஆசாரிப்பள்ளத்துல அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு. அங்க மாசத்துல ஒரு நாள், யூராலஜி, சர்ஜரி, நியூரோ, ரேடியாலஜி, பேத்தாலஜி எல்லாரும் ஒண்ணா இருந்து இந்த மாதிரி கேஸ பாக்குற ஒரு ஓ.பி வைக்கணும்னு டீன் அவர்களயும் மாவட்ட நிர்வாகத்தயும் உங்க பேப்பர் வழியா கேட்டுக்கிறேன். புதுசா கட்டிடம் வேண்டாம், ஒரு ரூமும் படம் பாக்குற ஒரு கம்ப்யூட்டரும் போதும். அங்க முடியாதத எங்க அனுப்பணும்னு அங்கயே எழுதி கொடுத்து விட்டா ஜனம் அலையாது. தக்கலை, குழித்துறை ஆஸ்பத்திரிகள்லயும் ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயும் உள்ள டாக்டர்களுக்கு ரெண்டே விஷயம் ஞாபகப்படுத்துனா போதும், நாள்பட்ட இடுப்புவலி, உக்காந்தா கூடுற வலி, புதுசா வந்த மலச்சிக்கல்னு ஆம்பளை வந்தா விரல் பரிசோதனை, அதுல சந்தேகம்னா பெல்விஸ் எம்.ஆர்.ஐ.

காசு விஷயம் கேக்கிறவங்களுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, கார்டு எடுக்காதவங்க சுகமா இருக்கும்போதே எடுத்து வைங்க, படுத்த பிறகு கலெக்டர் ஆபீசுக்கு ஓடாதீங்க. கேரளாவுக்கு போறதா இருந்தா அந்த ஆஸ்பத்திரியில அந்த கார்டு செல்லுமான்னு போறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு போகன்னு தெரியலன்னா 104க்கு அடிச்சு கேக்கலாம். எடுத்த ஸ்கேன் படத்த பதிஞ்சு தர்ற தட்டு, ஆபரேஷன் குறிப்பு, பேத்தாலஜி ரிப்போர்ட், பிளாக் நம்பர் எல்லாத்தயும் ஒரே ஃபைல்ல போட்டு ரேஷன் கார்டு இருக்கிற இடத்துல வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்தா அது தான் டாக்டருக்கு வழி காட்டும்.

ஆசிரியர் ஐயா, நீங்க ஒரு யூராலஜி டாக்டரையும் ஒரு சர்ஜரி டாக்டரையும் கூட்டி வச்சு ஆம்பளைங்க வெக்கப்படாம எழுதி கேக்கிற மாதிரி ஒரு கேள்வி பதில் பகுதி நாலு வாரமாவது போடணும். பேரு போடாம கேள்வி வாங்குங்க, அப்ப தான் கேப்பாங்க. என் பேரயும் போட வேண்டாம், அண்ணன் ஊரு சின்ன ஊரு, எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு லேப் டெக்னீஷியன் ஒருவர்,
குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.